உங்களுக்குத் தெரியுமா? தானே முளைத்த தக்காளி

கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில், யாரும் விதைக்காத தக்காளிச் செடி செழித்து நிற்கும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை, பழத்துக்குள்ளேயே அது முளைத்துவிடாமல் தடுக்கிறது. பழம் அழுகும்போது உறை கரைந்து, விதை முளைக்கத் தயாராகிறது. சமையல் கழிவோடு வீட்டு உரத்தொட்டிக்குப் போனாலும், விதையைக் கொல்லும் அளவுக்கு அங்கே சூடு ஏறுவது அரிது. வாங்கிய பழம் வீரிய ஒட்டு ரகமென்றால், புதுச்செடியின் காய் அதே மாதிரி இருக்காது. ஆனாலும் ருசிக்கலாம், பிடுங்காதீர்கள். தானே முளைக்கும் மணத்தக்காளியோ பெரும்பாலும் பறவைகளின் எச்சத்தில் வந்து சேர்வது.

தானே முளைத்த சுரை, பீர்க்கு, வெள்ளரியில் மட்டும் எச்சரிக்கை தேவை. காய் கடுமையாகக் கசந்தால் அதில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு மிகுந்திருக்கிறது, சமைத்தாலும் போகாது. சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை எறிந்துவிடுங்கள்.