வாயுவா, இருதயமா?

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர். அத்தகைய ஏரியின் கரை நடுநிசியில் உடைப்பெடுத்தால், நேற்றுவரை காய்ந்து கிடந்த வயலில் நீர் நிற்பதைக் கண்டே விவசாயி விஷயத்தை ஊகித்துவிடுவான். இருதயத் தசை புண்பட்டிருப்பதை வைத்தியர் ரத்தப் பரீட்சையினால் அறிவதும் ஏறக்குறைய இதே யுக்திதான்: உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்க வேண்டிய புரதம், அவற்றின் சுவர் சிதைந்ததும் ரத்தத்தில் கசிந்துவிடுகிறது.

அவ்வாறு கசியும் புரதங்களில் ஒரு காலத்தில் விசேஷ நம்பிக்கைக்குப் பாத்திரமானது மையோகுளோபின். ஜான் கெண்ட்ரூ திமிங்கலத் தசையிலிருந்து பிரித்தெடுத்து, 1958-இல் முப்பரிமாண உருவத்தை உலகுக்குக் காட்டிய புரதம் அது. தசை புண்பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் தலைகாட்டும் சுறுசுறுப்பு அதற்கு உண்டாயினும், தான் எந்தத் தசையிலிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் சக்தி இல்லை. பகலெல்லாம் நெல்மூட்டை சுமந்த கூலியாள் ஒருவன் அந்தியில் மார்வலியோடு வந்தால், அவன் தோளும் தொடையும் விடுத்ததையும் இருதயம் விடுத்ததையும் அப்பரீட்சை பிரித்தறியாது. சரீர உழைப்பே ஜீவனமாயுள்ள ஊர்களுக்கு எத்தனை பொருந்தாத சாட்சி!

ஜப்பானிய விஞ்ஞானி எபாஷி 1965-இல் கண்டறிந்த ட்ரோபோனின் இச்சங்கடத்தைப் பெரும்பாலும் தீர்த்தது; ஏனெனில், அதன் கூறுகளில் இரண்டு, இருதயத்தில் மற்றத் தசைகளினின்றும் வேறான அமைப்புடையவை. அதைப் பரீட்சிக்க வேண்டியவை உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை, சில துளி ரத்தம், கால்மணி நேரம். இரண்டாவது கோடு விழுந்தால் இருதயத்தில் சேதம். ஆனால் வலி கண்ட முதல் சில மணி நேரத்தில் கோடு விழாமலும் போகலாம், ஆகவே மறுபடியும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்களிடம் மாரடைப்பின்றியே ட்ரோபோனின் உயர்வதும் உண்டு. ஈ.சி.ஜி.யிலேயே அடைப்பு தெளிவாகத் தெரிந்தபின் அட்டைக்காகக் காத்திருப்பது வீண் காலதாமதம்.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டேடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். ஆயினும், உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு உள்ள தூரத்தைவிட, படுக்கையிலிருந்து வாசற்படிக்கு உள்ள தூரமே நம்மவர்க்கு அதிகம். "மாருல வாயு புடிச்சிருக்கு" என்று ஓமத் தண்ணீரும் கோலி சோடாவுமாய் இரவைக் கழித்தவர் விடியற்காலைப் பஸ்ஸில் வந்து சேரும்போது, அட்டையில் இரண்டு கோடுகளும் சந்தேகத்துக்கு இடமின்றி விழுந்திருக்கும்.