தைக்கும் முன் துணியை நனைக்க வேண்டுமா?



தையல் இயந்திரம் இருக்கிற வீட்டில் துண்டுத் துணிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். சட்டை தைத்து மிஞ்சியது, பாவாடை தைத்து மிஞ்சியது, கிழிந்த கைலியில் கிழியாத பாகம், அம்மாவின் பழைய சேலை. மலாய்க்காரர்கள் இவற்றைக் ‘காயின் பெர்ச்சா’ என்பார்கள். இவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் ஒரு பழைய கம்பளியை வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைத்தால் நல்ல போர்வையாகிவிடும். இதற்குக் காசு அதிகம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கிற அரை மணி, ஒரு மணியில் தைப்பதென்றால் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

அத்தனை பாடும் முதல் சலவையில் கெட்டுப்போவதுண்டு. நான் தைத்த முதல் போர்வைக்கு அதுதான் நேர்ந்தது. தீபாவளிக்கு எடுத்த புதுச் சிவப்புத் துணியின் மிச்சத்தையும், பலமுறை வெளுத்து மெலிந்த ஒரு வெள்ளை வேட்டியையும் மாற்றி மாற்றி வைத்துத் தைத்திருந்தேன். துவைத்துக் கொடியில் போட்டபோது வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஜா நிறம். அதோடு போயிற்றா? சிவப்புச் சதுரங்கள் சுருங்கி இழுக்க, வேட்டித் துண்டுகள் பொரித்த அப்பளம் போல உப்பி நின்றன.

புதுத் துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்திருந்தால் இரண்டும் நேர்ந்திராது.

துணி ஏன் சுருங்குகிறது? தறியில் பாவு நூலை இழுத்து முறுக்காகக் கட்டித்தான் நெய்கிறார்கள். பிறகு ஆலையில் சாயமிட்டு, கஞ்சியேற்றி, உருளைகளில் ஓட்டும்போதும் நீளவாக்கில் இழுக்கிறார்கள். அந்த இழுப்போடுதான் துணி கடைக்கு வருகிறது. தண்ணீரில் நனைந்ததும் பருத்தி இழை ஊறிப் பருக்கும். இழுபட்டிருந்த நூல் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் பெரும்பாலும் அகலத்தைவிட நீளம் அதிகமாகச் சுருங்குகிறது.

சாதாரணப் பருத்தித் துணி 100க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கலாம். இது சிறு கணக்குப் போலத் தோன்றும். 6 அங்குலச் சதுரத்தில் 4 பங்கு என்றால் கால் அங்குலம்தானே என்று நினைப்போம். ஒரு வரிசைக்கு 12 சதுரம் வைத்தால் 72 அங்குலம். அதில் ஏறக்குறைய 3 அங்குலம் போய்விடும். எல்லாத் துண்டும் ஒரே அளவாகச் சுருங்கினாலும் பாதகமில்லை. போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். ஒன்று சுருங்கி, பக்கத்தில் இருப்பது சுருங்காமல் நின்றால்தான் தையல் இழுக்கிறது.

இங்கேதான் பழைய துணியின் அருமை தெரிகிறது. வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டு ‘காந்தா’ என்ற போர்வையைத் தைப்பார்கள். கர்நாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளால் ‘கவந்தி’ தைப்பார்கள். அவர்களுக்கு நனைப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. நூறு முறை துவைத்த சேலையில் சுருங்கவும் ஒன்றுமில்லை, கரையவும் ஒன்றுமில்லை. பழையதோடு புதியதைச் சேர்க்கிற நமக்குத்தான் இந்தச் சோதனை.

அடுத்தது சாயம். சென்னைக் கட்டத் துணியின் கதையை இங்கே சொல்லவேண்டும். கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர், 1958இல் ஓர் அமெரிக்க வணிகருக்குக் கைத்தறிக் கட்டத் துணி விற்றார். அது நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆடையாக விற்பனைக்கு வந்தது. குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் கரைந்தோடியது, வழக்குப் போடுகிற அளவுக்குப் போனது. பிறகு ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று சொல்லியே அந்தத் துணியை விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. ஒரு தனிச் சட்டைக்கு அது நாகரிகமாக இருக்கலாம். வெள்ளைத் துண்டோடு ஒட்டியிருக்கும் போர்வைக்கு ஆகாது.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும், புளிக்காடி ஊற்றினால் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பருத்தியைப் பொறுத்தவரை இதை நம்பி இருந்துவிடாதீர்கள். சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. அந்த மிச்சச் சாயம் வெளியேறித்தான் ஆகவேண்டும். அது போர்வைக்குள் வெளியேறுவதைவிட வாளிக்குள் வெளியேறட்டும்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் ரோட்டுப் பக்கம் டோபி காட் என்றே ஓர் இடம் உண்டு. தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் ஆற்று நீரில் துணி வெளுத்த இடம். ஊரார் துணியை வெளுப்பவர், ஒருவர் வேட்டியில் இன்னொருவர் கைலிச் சாயம் ஏறினால் பதில் சொல்லவேண்டும். அதனால் சாயத் துணியைத் தனியாகப் பிரித்து வைப்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். நாமும் அப்படியே செய்வோம்.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் போய் லிட்டில் இந்தியாவில் துணி எடுத்து வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து, சோப்புத்தூள் கலந்த சுடுநீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கவலையில்லை. நிறம் ஏறினால் முழுத் துணியையும் தனி வாளியில், நீர் தெளியும்வரை அலசுங்கள். மூன்று நான்கு முறை அலசியும் நீர் சிவந்தே வந்தால் அந்தத் துணி போர்வைக்கு வேண்டாம். தலையணை உறையாகத் தனியே தைத்துக்கொள்ளலாம்.

சுருக்கத்தைப் பார்க்க 12 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, காகிதத்தில் அதன் அளவை வரைந்து வையுங்கள். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி காகிதத்தின்மேல் வைத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு குறைந்தது என்று கண்ணுக்கே தெரியும். ரேயான் துணியில் இதைத் தவறாமல் செய்யவேண்டும். பருத்தியைவிட அது கூடுதலாகச் சுருங்கும். பாத்தேக் துணி பலவும் ரேயானில் வருகிறது. பாலியெஸ்டர் வீட்டுச் சலவையில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். துணி ஓரத்தில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தால், சான்ஃபோர்ட் குளூயட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறையில் ஆலையிலேயே சுருக்கி அனுப்பியது என்று பொருள். அது 100க்கு 1 பங்குக்கு மேல் சுருங்காது. ஆனால் அந்த முத்திரை சாயத்துக்குப் பொறுப்பேற்காது.

உள்ளங்கை அளவுத் துண்டுகளை மெஷினில் போட்டால் நூல் பிரிந்து பாதியாகிவிடும். அவற்றைப் பேசினில் சுடுநீர் ஊற்றி ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி எடுங்கள். சற்றுப் பெரியவற்றை மூலைகளைச் சிறிதாக நறுக்கிவிட்டுத் தலையணை உறைக்குள் கட்டித் துவைக்கலாம். ஈரத் துணிகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள்.

நனைத்த துணி துவண்டுவிடுகிறது, வெட்ட வரவில்லை என்பதுதான் நனைக்க விரும்பாதவர்களின் குறை. நியாயமான குறைதான். அதற்குச் சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்து இஸ்திரி போட்டால் போதும், காகிதம் மாதிரி நிற்கும். போர்வை தைத்து முடித்ததும் அந்தக் கஞ்சி போக ஒருமுறை அலசிவிடுங்கள். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும், கஞ்சியோடு பெட்டியில் மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும், பாச்சை அரிக்கும்.

மேல்பக்கத்துக்கு இவ்வளவு பார்த்துவிட்டு, அடித்துணியையும் உள்ளே வைக்கும் கம்பளியையும் மறந்துவிடுகிறவர்கள் அநேகர். அடித்துணி புதுசாக இருந்தால் அதுவும் சுருங்கி முழுப் போர்வையையும் இழுக்கும், அதையும் நனைக்கவேண்டும். கடைசியாக, நனைத்த துண்டுகளை ஒரு பையிலும் நனைக்காதவற்றை வேறொரு பையிலும் போட்டு அடையாளம் கட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் எது எதுவென்று எனக்கே தெரிவதில்லை.