ஆதிச்சநல்லூர்: குனிந்து பார்க்க வேண்டிய வரலாறு

மெக்சிகோவின் சிச்சென் இட்சாவுக்குப் போகிறவர்கள், மாயர்கள் எழுப்பிய படிக்கட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தாமிரபரணிக் கரையில், அந்தக் கோபுரத்தை எழுப்பியவர்களைவிடப் பழைய மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால், குனிந்துதான் பார்க்க வேண்டும்.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 24 கி.மீ. தூரத்தில், ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஊரார் ‘பரம்பு’ என்று சொல்லும் செம்மண் மேடு 114 ஏக்கர். சரளையும் முள்ளுமாகக் கிடக்கும் அந்த மேட்டில் முதல் பார்வைக்கு ஒன்றும் தென்படாது. ஆனால் அதன் அடியில், அந்தக் கால மக்கள் பாறையைக் குடைந்து குழியெடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்த முதுமக்கள் தாழிகளை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

1876-ல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். 1899-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கல உருவங்கள், இரும்பு ஆயுதங்கள் எனக் குவியலாக எடுத்தார். அவற்றைப் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. அந்த அகழாய்வின் மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 காலத்தவை என்று 2019-ல் தெரியவந்தது.

மாயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1952-ல் மெக்சிகோவின் பலெங்கேயில் மாயர் மன்னன் பக்காலின் கல்லறை, பச்சைக்கல் முகமூடியோடு கண்டுபிடிக்கப்பட்டது. அவன் இறந்தது கி.பி. 683-ல். அங்கே ஓர் அரசனுக்கு ஒரு கோயிலே கல்லறை. இங்கே பெயர் தெரியாத மக்கள், தலைமுறை தலைமுறையாக ஒரே மேட்டில் அடுத்தடுத்து உறங்குகிறார்கள். ஒரு சமூகத்தையே பார்க்கிறோம் என்பதுதான் பரம்பின் பெருமை.

2023 ஆகஸ்டில் இங்கேயே தள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழிகளில் தாழிகள் கிடந்தபடியே கிடக்க, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். முதலில் இதைப் பாருங்கள். பிறகு, தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்ட சிவகளை. அடுத்து, கடல் விலகிப்போனதால் இன்று உள்நாட்டில் இருக்கும் பழைய பாண்டியர் துறைமுகம் கொற்கை. கடைசியாக நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். மண்ணைப் பார்த்துவிட்டுப் போனால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பேசும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரம்பில் கிடக்கும் ஓட்டுச்சில்லை நினைவுக்கென்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அது வெறும் ஓடு. ஜாகோர் கொண்டுபோனதே போதும்.