அடியில் ஒட்டியிருப்பதும் நம் காசுதான்!

மாதச் சாமான் லிஸ்ட் எழுத உட்காரும்போது கவனித்திருக்கிறீர்களா? அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் கிராம் கணக்குப் பார்க்கிற நாம், "அம்மா, கிரீம் தீர்ந்துடிச்சு, கண்மை தீர்ந்துடிச்சு" என்று பெண் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் எழுதிவிடுகிறோம். நிஜமாகவே தீர்ந்ததா என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் சீக்கிரமே வந்துவிடும். காரணம் குளிர். மார்கழி, தை மாதங்களில் இங்கே தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால்தான் தலைக்கு எண்ணெய். சேலத்தில் கவிழ்த்தவுடன் இறங்குகிற லோஷன், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 5,000 அடி உயரத்துக்கு வந்ததும் பாட்டிலின் சுவரைக் கட்டிக்கொண்டு 'இறங்கவே மாட்டேன்' என்கிறது. காபிப் பழம் பறிக்கும் சீசனில் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களுக்குக் கையும் உதடும் வெடித்துப் போகும். எங்கள் தெருவழியாக வேலைக்குப் போகும் ஒரு பெண் சொன்னாள்: "பத்து ரூபா டப்பா வாங்கினா எட்டு ரூபாதான் கைக்கு வருதுக்கா. மீதி ரெண்டு ரூபா மூலையில ஒட்டிக்கிட்டு விரலுக்கு எட்டவே மாட்டேங்குது." தினக்கூலி வாங்குகிறவளுக்கு அந்த இரண்டு ரூபாய் கணக்கில் வராமல் போகுமா?

அவள் சொன்னது சரியான கணக்குதான். அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று நுகர்வோருக்கான பத்திரிகை ஒன்று இருக்கிறது. 2009-ல் அவர்கள் பலவகைப் பாட்டில்களை, தீர்ந்துவிட்டது என்று தோன்றும்வரை காலிசெய்து, உள்ளே மிச்சமிருப்பதை எடை போட்டுப் பார்த்தார்கள். பம்ப் வைத்த லோஷன் பாட்டில்களில் கால் பங்கு வரைகூட உள்ளேயே தங்கிவிட்டது. நாலு பாட்டில் வாங்கினால் ஒரு பாட்டிலை அப்படியே குப்பைக்காரருக்குக் கொடுத்த மாதிரி!

ஏன் இப்படி என்று யோசித்தால் பொருளைவிட அதை எடுக்கிற கருவியில்தான் கோளாறு தெரிகிறது. பம்பின் குழாய் அடிவரை போனாலும் ஒரே இடத்தில்தான் உறிஞ்சும். சுற்றியிருக்கும் கெட்டியான லோஷன் தானாக நகர்ந்து அந்த இடத்துக்கு வராது. வாய் குறுகிய பாட்டிலில் விரல் நுழையாது. சரி, வாய் அகன்ற டப்பா வாங்கலாம் என்றால் அங்கே வேறு தொல்லை. விரலைவிட்டு வழித்தால் வேண்டியதுபோல இரண்டு மடங்கு வந்துவிடும். திரும்ப உள்ளே போடவும் மனசு வராது, முகத்தோடு கழுத்துக்கும் கைக்கும் அப்பிக்கொள்வோம். ஈர விரல் பட்டுப்பட்டு மழைக்காலத்தில் கிரீமின் மேலே பூஞ்சை பூத்துவிடுவதும் உண்டு.

வெளிநாட்டுக் கடைகளில் இதற்கென்றே நீளக் கைப்பிடியும் வளைகிற நுனியும் வைத்த சின்னக் கரண்டி விற்கிறார்கள். நான் வீட்டிலேயே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வாங்கினால் ரப்பர் குமிழோடு ஒரு டிராப்பர் வருமில்லையா, அந்தக் குமிழை மட்டும் கழற்றி, வெந்நீரில் போட்டு மருந்து வாசனை போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியின் ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கி, குமிழைத் தொப்பி மாட்டுவதுபோல் மாட்டிவிட வேண்டியதுதான். பாட்டில் வாய் குறுகலாக இருந்தால் குமிழை நடுவில் கத்தரித்து ஒரு நாக்கு மாதிரி விடுங்கள். ரப்பர் வளைந்து கொடுப்பதால் தோள்பட்டை மாதிரி இருக்கும் வளைவைக்கூட வழித்துவிடும். இரும்புக் கரண்டியால் இந்த வேலை நடக்காது, அது வளையாதே! போன தை மாதம் 'தீர்ந்தது' என்று என் பெண் ஒதுக்கிய லோஷன் பாட்டிலிலிருந்து எனக்கும் என் மாமியாருக்கும் ஒன்பது நாள் ஓடியது. ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், அது முக்கியம்.

டியூபில் வருகிற கிரீமுக்கு இந்தக் கரண்டிகூட வேண்டாம். அமுக்கி ஒன்றும் வரவில்லை என்றதும் நடுவில் கத்தரித்துப் பாருங்கள். வெட்டின பாதியை மறுபாதிமேல் மூடிபோலச் செருகி வைத்தால் காயாது. லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். குச்சி தேய்ந்து விளிம்போடு நின்ற பிறகும் அடிக் கிண்ணத்துக்குள் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். சின்ன பிரஷ் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். கண்மைப் பென்சில் விஷயம்தான் வேடிக்கை. பூசுவதைவிட ஷார்ப்பனரில் போவது அதிகம்! மை இளகியிருக்கும்போது சீவினால் முனை உடைந்து உடைந்து விழும். சீவுவதற்கு முன் பத்து நிமிஷம் பிரிட்ஜில் வைத்தால் உடையாது. எங்களுக்கு அந்தச் செலவும் இல்லை. ராத்திரி ஜன்னலோரம் வைத்தால் போதும், ஏற்காட்டுக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

இந்த 'ஒட்டல்' பிரச்சினையைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் விடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் கிருபா வாரணாசி என்பவர், பாட்டிலின் உட்புறத்துக்கு வழுக்கலான ஒரு பூச்சைக் கண்டுபிடித்தார். தேன் பாட்டிலிலிருந்து தேன் இறங்கவில்லை என்று மனைவி அலுத்துக்கொண்டதில் ஆரம்பித்தது என்பார்கள். (வீட்டுக்கு வீடு இதே கதைதான் பாருங்கள்!) சுவரில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை உண்டாக்கி அதில் ஒரு மெல்லிய திரவப் படலத்தைத் தங்கவைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பொருள் சுவரைத் தொடாமல் அந்தப் படலத்தின்மேல் சறுக்கி வந்துவிடும். அவரும் அவருடைய மாணவர் டேவிட் ஸ்மித்தும் 2012-ல் 'லிக்விகிளைட்' என்று கம்பெனி தொடங்கினார்கள். 2021-ல் கோல்கேட் நிறுவனம் ஐரோப்பாவில் ஒரு பற்பசையை இந்தப் பூச்சுப் பாட்டிலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முகக் கிரீம்களில் இப்போது காற்றுப் புகாத பம்ப் பாட்டில்கள் வருகின்றன. அதில் குழாய் கிடையாது. அமுக்க அமுக்க அடித்தட்டே மேலே ஏறி வந்து கிரீமைத் தள்ளிவிடும். விரலும் படாது, மிச்சமும் குறைவு. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கல்யாண மேக்கப் செய்கிறவர்களைக் கேட்டால் ஸ்பாஞ்சைப் பற்றிப் புலம்புவார்கள். முகத்துக்குப் போக வேண்டிய பவுண்டேஷனில் ஒரு பங்கை அது குடித்துவிடுகிறது. இதற்காக 2016-ல் சிலிக்கானில் வழவழவென்று ஒரு அட்டை வந்தது. அது ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது, சோப்புப் போட்டால் ஒரு நிமிஷத்தில் சுத்தம். ஆனால் ஸ்பாஞ்சு மாதிரி சீராகப் பரவுவதில்லை என்று நிறையப் பேர் பழையபடியே ஸ்பாஞ்சுக்குத் திரும்பிவிட்டார்கள். ஸ்பாஞ்சையே தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு உபயோகித்தால் அது குடிப்பது குறையும். காசில்லாத வழி.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நினைவு வந்தது எங்கள் பக்கத்துக் கொட்டாங்குச்சி மைதான். வழித்தெடுக்கவே தேவையில்லாத ஒரு டப்பா உண்டென்றால் அதுதான். சேலம் ஜில்லாக்காரர்களுக்கு ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால்தான் ஜவ்வரிசி என்ற பேரே வந்தது என்பார்கள். யுத்த காலத்தில் கப்பல் வரத்து நின்றபோது, 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கஞ் செட்டியார் நம் குச்சிக்கிழங்கிலிருந்தே அதைத் தயாரிக்கத் தொடங்கினார். 1981-ல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாயசத்துக்கும் வடாமுக்கும் வாங்குகிற அதே ஜவ்வரிசியில்தான் பிள்ளைகளுக்குக் கறுப்புப் பொட்டு வைக்கிற மையும் செய்வார்கள்.

ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை இரும்பு வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் பொரியும், அப்புறம் பழுப்பாகும், பிறகு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புகையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அடுப்பண்டை விடாதீர்கள். நல்ல கறுப்பாக வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் வெறும் சாம்பல்தான் மிஞ்சும். சூடு ஆறினபிறகு (கொதிக்கிற வாணலியில் தண்ணீர் விட்டால் ஆவி முகத்தில் அடிக்கும்) ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி அடுப்பில் வைத்து, கரண்டியால் மசித்துக் கொதிக்கவிட்டால் எல்லாம் கரைந்து தார் மாதிரி வரும். மெல்லிய துணியில் வடிகட்டி, உட்புறம் வழவழப்பாகச் சுரண்டிக் கழுவிய கொட்டாங்குச்சியில் கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி, வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. இப்படி நாலைந்து நாள். ஏற்காட்டில் இதை மாசி, பங்குனியில் செய்தால்தான் உண்டு. ஐப்பசி மூடுபனியில் வைத்தால் மை காய்வதற்கு முன் பூசணம் பிடித்துவிடும்.

வேண்டியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுத்தமான குச்சியால் தேய்த்தால் ஒரு பொட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இளகும். மீதி காய்ந்த ஓடாகவே இருக்கும். பாட்டிலில் வருகிற சாந்துபோல் கட்டியாகி வீணாவதில்லை, குப்புறக் கவிழ்ந்தாலும் சிந்துவதில்லை. இதில் ரசாயனமும் இருக்கிறது. மாவுப்பொருளை வறுத்தால் அது டெக்ஸ்ட்ரின் என்கிற பசையாக மாறும். தபால் தலையின் பின்புறம் நக்கினால் ஒட்டுமே, அதற்குப் பூசினது இந்த ஜாதிப் பசைதான். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். காய்ந்தே கிடப்பதால் கிருமி வளரவும் வழி குறைவு. என் மாமியார் இன்றைக்கும் புது சாந்து பாட்டிலைப் பார்த்தால், "ஏம்மா, இதுல பாதி மூடியிலதானே காயுது?" என்பார். அவர் கொட்டாங்குச்சி ஒன்று மூன்று பேரன் பேத்திகளுக்கு வந்தது.

'வேண்டிய அளவு மட்டும்' என்ற இதே யோசனையை வேறு விதமாகச் செய்து காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். பெரிய பாட்டில் ஷாம்பூ வாங்க முடியாதவர்களுக்கு ஒரு குளியலுக்கான அளவைச் சின்னப் பையில் அடைத்தால் என்ன என்று நினைத்தவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூ தொடங்கினார். பாக்கெட்டில் மிச்சம் என்று அதிகம் நிற்காது, மூலையைக் கிள்ளி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அதுவும் வந்துவிடும். ஆனால் காலிப் பாக்கெட்டுகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டுமானால் மலைப்பாதை ஓரத்து ஓடைகளைப் பாருங்கள். உள்ளே இருப்பதை மிச்சம் பிடித்து வெளியே இருப்பதை வீசுகிறோம். அதனால் நான் இப்போது பெரிய பாட்டில் வாங்கி, ரப்பர் கரண்டியை நம்புகிறேன்.

சிக்கனத்தைப் பார்க்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, கண். ஒரே கண்மைக் குச்சியை அக்கா தங்கை மூன்று பேரும் போட்டுக்கொள்வதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஒருத்திக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தால் மற்றவர்களுக்கும் வர அதுவே வழியாகிவிடும். காய்ந்த மஸ்காராவில் தண்ணீர் விட்டு இளக்குவதும் வேண்டாம். மஸ்காரா திறந்து மூன்று மாதமானால், பாதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை குச்சியை உள்ளே விடும்போதும் காற்றும் கிருமியும் கூடப் போகின்றன. அந்தக் காலத்து மஸ்காரா சோப்புக்கட்டி மாதிரி ஒரு வில்லையாக வந்தது, பிரஷ்ஷில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பூசுகிற பழக்கம் வெளிநாட்டுப் பெண்களிடம் இருந்தது. 1950-களின் கடைசியில் குழாய்க்குள் குச்சி வைத்த மஸ்காரா வந்தபிறகுதான் அது ஒழிந்தது.

கைக்குழந்தைகளின் கண்ணுக்குள் மை இடவே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சில சுர்மாக்களிலும் மைகளிலும் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. விரல் நகம் கண்ணில் படுவது தனி ஆபத்து. மேலே சொன்ன ஜவ்வரிசி மையையும் நெற்றிக்கோ, கன்னத்துக்கோ, உள்ளங்காலுக்கோ மட்டும் வையுங்கள். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றினால் சுலபமாக வந்துவிடும், தேய்க்க வேண்டியதில்லை.