விரல் நுனியில் கேட்கும் நாதம்

ஹவாய்த் தீவுகளின் தலைநகர் ஹொனலூலு. அங்கே சவுத் தெருவில் ஒரு பட்டறை. உள்ளே நுழைந்தால் மரத்தூள் வாசம். கமகா குடும்பம் உகுலேலே செய்யும் இடம் இது.

கிட்டாருக்குத் தங்கை போல, கைக்குள் அடங்கும் நாலு தந்தி வாத்தியம் உகுலேலே. 1879-இல் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்த போர்ச்சுகீசிய மடெய்ரா தீவுக்காரர்கள் கொண்டுவந்த சின்ன இசைக்கருவிதான் இதற்கு மூலம். 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று உகுலேலே என்ற பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். தந்திமேல் தாவும் விரல்களைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

சாமுவேல் கமகா 1916-இல் தன் வீட்டின் நிலவறையில் தொடங்கியதுதான் இந்தக் குடும்பத் தொழில். அன்னாசிப்பழம் போன்ற உடல் கொண்ட உகுலேலே அவருடைய கைவண்ணம். 1928-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பிள்ளைகள், பேரன்கள் என்று தொழில் இன்றும் தொடர்கிறது.

ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் 'கோஆ' மரத்தை மெல்லிய பலகையாக இழைத்து, சூடேற்றி வளைத்து, ஒட்டுகிறார்கள். பலகை தடித்தால் நாதம் அமுங்கிவிடும். மெலிந்தால் தந்தியின் இழுப்பைத் தாங்காது. அந்தப் பக்குவத்தைப் பார்க்க இங்கே காது கேளாத கைவினைஞர்கள் பல காலம் பணியாற்றியிருக்கிறார்கள். பலகையைத் தட்டுவார்கள். அதிர்வு விரல் நுனியில் ஏறும். இன்னும் எவ்வளவு இழைக்கவேண்டும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும்.