நெற்பயிரின் குலைநோயும் மண்வாழ் பாக்டீரியாவும்

நெற்பயிருக்கு உண்டாகும் பூஞ்சாண நோய்களுள் குலைநோய் மிகக் கொடியது. முதலில் இலைகளில் கண் போன்ற புள்ளிகள் தோன்றும். கதிர் வெளிவருங்காலத்தில் இந்நோய் கழுத்தைத் தாக்குமாயின், கதிர் ஒடிந்து மணிகள் பதராகும். அதுகாறும் செய்த செலவு வீணாகும்.

இதனைத் தடுக்க, வேரையொட்டி மண்ணில் இயற்கையாக வாழும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா உதவுகிறது. இது பூஞ்சாணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. மண்ணிலுள்ள இரும்புச்சத்தைப் பூஞ்சாணங்களுக்குக் கிட்டாமற் செய்கிறது. அன்றியும், பயிரின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதால், வேரில் வாழினும் இலைக்கும் காப்பாகிறது.

இப்பாக்டீரியா அடங்கிய தூளை, விதை 1 கிலோவுக்கு 10 கிராம் வீதம் தண்ணீரிற் கலந்து, விதையை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, முளைகட்டி விதைக்கவேண்டும். நட்ட 30-ஆம் நாள், ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து வயலில் இடவேண்டும்.

இது உயிருள்ள பொருளாதலின், தூளை வெயிலில் வைத்தலும் பூஞ்சாணக்கொல்லி மருந்துகளுடன் கலத்தலும் கூடா. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் நோய் பெருகும். நோய் முற்றியபின் இத்தூளை இடுவதாற் பயனில்லை. வருமுன் காப்பதே இதன் தொழில். ஆதலால் விதைக்குமுன்னரே இதனை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு கிராம அலுவலர்கள் விவசாயிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.