இளம் மரக்கன்றுகளைக் கரையானிடம் இருந்து காப்பது எப்படி? பூச்சிக்கொல்லி இல்லாத வழிமுறைகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்ட மரக்கன்றுகள் தை மாதம் வரை செழிப்பாக நிற்கும். மாசி பிறந்து மேல்மண் காயத் தொடங்கியதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பாய்ச்சினாலும் தெளியாது. கன்றைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். ஆணிவேர் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமண் அப்பியிருக்கும். தைலமரம், தேக்கு, மா ஒட்டுக்கன்று, தென்னம்பிள்ளை என்று எதை நட்டவர்களும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இது கரையானின் வேலை.

போன கன்றுக்குப் பதிலாக இன்னொன்றை நட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நட்ட ஒரு மாதத்துக்குள் மாற்றுக்கன்று வைத்தால் அது மற்றவற்றோடு சேர்ந்து வளரும். ஆறு மாதம் கழித்து வைத்தால், அதற்குள் உயர்ந்துவிட்ட பக்கத்து மரங்களின் நிழலில் அது எழும்பாது. அந்த இடம் வெட்டும் காலம் வரை காலியிடம்தான். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 670 கன்றுகள் பிடிக்கும். அதில் நூறு போனால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நிலத்தைத் தரிசாகப் போட்டதற்குச் சமம்.

இதற்குப் பயந்துதான் குழிக்கு ஒரு கைப்பிடி போரேட் குருணை போடும் பழக்கம் வந்தது. அந்த மருந்து 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு கரையானுக்கென்றே விற்ற ஆல்ட்ரின், டைல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கியதால் ஏற்கெனவே தடையாகிவிட்டன. இனி மருந்தை மட்டும் நம்பித் தோப்பு வைக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. பெரும்பாலான மரங்களுக்கு ஆபத்தான காலம் முதல் ஓராண்டுதான். தண்டின் அடிப்பகுதி தடித்து, வேர் ஆழமாக இறங்கிவிட்டால் கரையான் அந்த மரத்தைச் சாய்ப்பது அரிது. எனவே தோட்டத்தில் உள்ள கரையானை எல்லாம் ஒழிப்பது நம் வேலையல்ல. கன்று அந்த ஓராண்டைத் தாண்டும்படி பார்த்துக்கொள்வதே வேலை.

கரையானின் பலமும் பலவீனமும்

நம் பகுதியில் கன்றுகளைத் தாக்குபவை பெரும்பாலும் ஓடன்டோடெர்மஸ், மைக்ரோடெர்மஸ் என்ற இரண்டு இனக் குழுக்களைச் சேர்ந்த கரையான்கள். இரண்டுமே பூஞ்சை வளர்ப்பவை. காய்ந்த இலை, குச்சி, வைக்கோல், சாணம் ஆகியவற்றைத் தின்று, அந்த எச்சத்தைக் கொண்டு கூட்டுக்குள் பஞ்சு போன்ற அடைகளைக் கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழைக்காலத்தில் புற்றின் மேல் முளைக்கும் காளான் அந்தப் பூஞ்சையின் காளான்தான்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி மூன்று.

முதலாவது, கரையானின் முதன்மை உணவு உயிருள்ள மரமல்ல, காய்ந்துபோன பொருள். காய்ந்த பொருள் கிடைக்காதபோதும், கன்று வாடிப் பலவீனமாக இருக்கும்போதும்தான் கன்றின் பக்கம் திரும்புகிறது.

இரண்டாவது, வேலைக்காரக் கரையானுக்குக் கண் இல்லை, தோல் மிக மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணுக்குள்ளோ, மண்ணால் பூசிய கூரையின் கீழோ மட்டும் நடமாடுகிறது.

மூன்றாவது, ஓடன்டோடெர்மஸ் வகையில் சில புற்று கட்டும். மைக்ரோடெர்மஸ் புற்றே கட்டாது. மண்ணுக்கடியில் சிறு சிறு அறைகளாகப் பரவியிருக்கும். புற்றே இல்லாத தோட்டத்தில் கரையான் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

முதலில் கரையான்தானா என்று பாருங்கள்

செத்த கன்றில் கரையான் இருந்தாலே கரையான்தான் கொன்றது என்று முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் இல்லாமலோ வேரழுகலாலோ செத்த கன்றைத் தின்னவும் கரையான் வரும். பத்து வாடிய கன்றுகளைத் தோண்டி எடுத்துப் பாருங்கள்.

- ஆணிவேர் கூடாகி உள்ளே மண் அடைத்திருந்தால், அல்லது தரைமட்டத்தை ஒட்டிப் பட்டை சுற்றிலும் அரிக்கப்பட்டிருந்தால், மேலே தண்டை நகத்தால் கீறும்போது இன்னும் பச்சை தெரிந்தால் கரையான்தான் காரணம்.
- வேர் முழுதாக இருந்து, தண்டு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்திருந்தால் வறட்சி.
- பட்டை கறுத்து, நசுங்கி, நாற்றம் அடித்தால் அழுகல் நோய்.
- சல்லிவேர்கள் மட்டும் கடிபட்டு, மண்ணில் வெள்ளை நிறத்தில் சுருண்ட புழு கிடந்தால் வேர்ப்புழு.

தென்னம்பிள்ளையில் நடுக்குருத்து வாடுவது முதல் அறிகுறி. வளர்ந்த மரங்களின் பட்டை மேல் மண்பூச்சு ஏறியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே கரையான் செத்த வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. துடைப்பத்தால் மண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

நடவுக்கு முன்பு

பாதி வெற்றி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

சீமைக் கருவேலம் அழித்த நிலமாக இருந்தால் தூர்களையும் தடித்த வேர்களையும் முடிந்தவரை எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் மட்கும் கட்டைகள் கரையானுக்குப் பல ஆண்டு உணவு. கோடையில் இரண்டு முறை ஆழமாக உழுதால் நிலத்தடி அறைகள் உடைந்து வெயில் படும், எறும்புகளும் பறவைகளும் பொறுக்கித் தின்னும்.

கன்று வாங்கும்போது பையைப் பிரித்து வேரைப் பாருங்கள். நாற்றங்காலில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் பைக்குள் சுருண்டிருக்கும். அந்தக் கன்று நிலத்தில் வேர்விடத் திணறும், முதல் கோடையிலேயே வாடும், கரையானுக்கு முதல் பலியும் அதுவே. பையைத் துளைத்துத் தரையில் இறங்கிய வேரைப் பிய்த்து எடுத்து வந்த கன்றும் அப்படித்தான். விலை குறைவு என்பதற்காக இவற்றை வாங்க வேண்டாம்.

குழியில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

மட்காத சாணம், வைக்கோல், பச்சையான தென்னை நார்க்கழிவு, காய்ந்த சருகு ஆகியவற்றைக் குழிக்குள் போடக் கூடாது. கன்றின் வேருக்குப் பக்கத்திலேயே கரையானுக்கு விருந்து வைப்பது போல அது. கையில் எடுத்தால் சாண நாற்றம் இல்லாமல் மண் போல உதிரும் தொழு உரத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

குழிக்கு 250 கிராம் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி மேல்மண்ணோடு கலந்து இடுங்கள். ஏக்கருக்குச் சுமார் 170 கிலோ தேவைப்படும். இது கரையானைக் கொல்லாது, கன்றின் பக்கம் வரவிடாமல் தடுக்கும். அதன் வீரியம் மெல்லக் குறைவதால் மாசி மாதம் வட்டப்பாத்தியில் மீண்டும் ஒரு முறை இட வேண்டும்.

பாலித்தீன் பையை முழுவதும் அகற்றி நடுங்கள். தண்டின் கழுத்துப் பகுதி தரைமட்டத்துக்குக் கீழே புதையக் கூடாது. ஊன்றுகோல் தேவைப்பட்டால் கன்றிலிருந்து ஓரடி தள்ளி நட்டு, கயிற்றால் இணைக்கவும். தண்டோடு ஒட்டி நட்ட மூங்கில் குச்சி வழியாகக் கரையான் நேராக ஒட்டுக்கன்றுக்கு ஏறிவிடும்.

தென்னை நாற்றங்காலில் நெற்றுகளின் மேல் ஆற்று மணலை ஒரு அடுக்காகப் பரப்பினால் கரையான் ஏறுவது குறையும். தோட்டத்தில் நடும்போதும் நெற்றைச் சுற்றி மணல் இடுங்கள்.

மூடாக்கைத் தள்ளிப் போடுங்கள், எரிக்காதீர்கள்

கரையானுக்குப் பயந்து தோட்டத்துச் சருகை எல்லாம் கூட்டி எரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கரையானுக்குத் தின்ன மிச்சம் இருப்பது உங்கள் கன்று மட்டும்தான். சருகையும் களைகளையும் இரண்டு வரிசைகளுக்கு நடுவே பரப்பிவிடுங்கள். கரையான் அங்கே மேயட்டும், மண்ணும் வளமாகும். ஆனால் கன்றைச் சுற்றி ஓரடி வட்டம் வெறும் மண்ணாக, கொத்திவிட்டதாக இருக்க வேண்டும். 15 நாளுக்கு ஒரு முறை லேசாகக் கொத்தினால் மண் குழாய்கள் அறுந்துவிடும்.

இதோடு முதல் கோடையில் உயிர்த்தண்ணீர் கட்டாயம். வாரம் ஒரு முறை கன்றுக்கு 10 லிட்டர் கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். வாடாத கன்றைக் கரையான் எளிதில் நெருங்குவதில்லை. மருந்துக்குச் செலவழிப்பதைத் தண்ணீருக்குச் செலவழிப்பது லாபம்.

கோழிக்குஞ்சுக்காகக் கவிழ்த்த பானை

நம் ஊர்களில் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியாகக் கரையான் பிடிக்கும் வழக்கம் பழையது. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, வைக்கோல் ஆகியவற்றை அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும்.

இதே முறை மரத்தோட்டத்துக்கும் உதவும். ஏக்கருக்குப் பத்துப் பானைகளை வரிசைகளுக்கு நடுவே வையுங்கள். எந்தப் பானையில் அதிகம் சேருகிறதோ அந்தப் பகுதியில்தான் கரையான் அடர்த்தி அதிகம். வேப்பங்கொட்டைச் சாறும் தண்ணீரும் அங்கேதான் முதலில் தேவை. சேர்ந்ததை வெயில் ஏறும் முன்பே எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். பல நாள் மறந்துவிட்டால் பொறி கரையானுக்கு வளர்ப்பிடமாகிவிடும். அண்மையில் பூச்சிமருந்து இட்ட நிலத்துக் கரையானைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது.

தாக்குதல் தொடங்கிவிட்டால்

5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மொத்தம் 100 லிட்டராக்குங்கள். இது 5 சதவீதச் சாறு. கன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். தோட்டம் முழுவதற்கும் ஊற்ற அவசியமில்லை. தாக்கப்பட்ட கன்றைப் பிடுங்கிவிட்டு, அதைச் சுற்றியுள்ள எட்டுக் கன்றுகளுக்கு ஊற்றுங்கள். 15 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. மாலை நேரத்தில் ஊற்றுவது நல்லது, வெயில் பட்டால் வேம்பின் வீரியம் விரைவில் போய்விடும்.

மெட்டாரைசியம் என்ற பூஞ்சையும் கரையானைக் கொல்லும். 2 கிலோவை 100 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் கழித்துக் கன்றுகளைச் சுற்றி இட்டு மண்ணால் மூடலாம். அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கரையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும், நோயுற்றவற்றை ஒதுக்கிப் புதைக்கும். அதனால் ஒரு முறை இட்டுக் கூட்டமே அழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஈரம் இருக்கும் மண்ணில், மழைக்காலத் தொடக்கத்தில் இட்டால் பலன் கூடும். பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய இடத்தில் இது வேலை செய்யாது.

புற்றை என்ன செய்வது?

தோட்டத்துக்குள் புற்று இருந்தால் வெறும் மேல்பகுதியை இடிப்பதில் பயனில்லை, சில நாளில் மறுபடி கட்டிவிடும். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி, கெட்டியான களிமண் அறைக்குள் இருக்கும் ராணியை எடுக்க வேண்டும். விரல் பருமனில், வெள்ளையாக, நகர முடியாமல் கிடப்பதே ராணி. சில புற்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகள் இருப்பதும் உண்டு, பூஞ்சை அடைகளையும் சேர்த்து அகற்றுங்கள். பழைய புற்றில் பாம்பு தங்கியிருக்கலாம். முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து, பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யவும்.

ஊரார் மஞ்சள் குங்குமம் வைத்து வணங்கும் புற்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி சில மீட்டர் தள்ளி நட்டு, இடையே சருகைப் பரப்பினால் போதும்.

செய்யக் கூடாதவை

- உப்பு, மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், பினாயில் ஆகியவற்றைக் கன்றடியில் ஊற்றாதீர்கள். கரையானுக்கு முன்பாகக் கன்றின் வேரும் மண்ணும் கெட்டுப்போகும்.
- தோட்டத்து எறும்புகளை மருந்து போட்டு அழிக்காதீர்கள். சாரை சாரையாகச் செல்லும் கறுப்பு எறும்புகள் கரையானின் முக்கிய எதிரி.
- எருக்கு இலை, சாம்பல் ஆகியவற்றை மட்டும் நம்பாதீர்கள். அவை விரட்டினாலும் சில நாளுக்குத்தான்.

மாதவாரி வேலைகள்

- சித்திரை, வைகாசி: கோடை உழவு, தூர் அகற்றல்.
- ஆவணி, புரட்டாசி: புற்று தோண்டுதல், தொழு உரத்தில் மெட்டாரைசியம் வளர்த்தல், கன்று தேர்வு.
- ஐப்பசி, கார்த்திகை: வேப்பம் புண்ணாக்குடன் நடவு. பத்து சதவீதக் கன்றுகளைக் கூடுதலாக வாங்கி நிழலில் வைத்திருங்கள். ஒரு மாதத்துக்குள் போனவற்றுக்கு மாற்று நடவு.
- தை முதல் வைகாசி: 15 நாளுக்கு ஒரு முறை 50 கன்றுகளை அசைத்துப் பார்த்தல், கொத்துதல், பானைப் பொறி, உயிர்த்தண்ணீர். மாசியில் இரண்டாம் முறை புண்ணாக்கு.

இவ்வளவும் செய்த பிறகும் சில கன்றுகள் போகத்தான் செய்யும். அப்படிப் போகும்போது கடைக்கு ஓடி மருந்து வாங்குவதற்கு முன், செத்த கன்றை வேரோடும் மண்ணோடும் ஒரு பையில் போட்டு, உங்கள் மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது கொன்றது என்று தெரிந்தால்தான் மீதி இருப்பவற்றைக் காப்பாற்ற முடியும்.